நாற்பத்தொரு நகல்கள்

தென்காசியில் சாரல் தொடங்கும் நாளை ஒவ்வொரு வருஷமும் டைரியில் குறித்து வந்திருக்கிறேன். 1949 முதல் விடுபட்ட வருஷம் இல்லை. முதல் சாரல் விழுந்த கிழமை, குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டதாக பஸ்காரர்கள் சொன்ன நாள், கொடியில் போட்ட வேட்டி எத்தனை நாள் காயாமல் கிடந்தது என்பது வரை எல்லாம் இருக்கும். யாரும் கேட்டு எழுதியதல்ல. தேதி போடாத எதையும் நடந்ததாக நம்ப முடியாத சுபாவம் எனக்கு.

1957 ஆனி முதல் வாரத்து வியாழக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘காலை முதல் சாரல். இவ்வருஷம் சீசன் நன்றாக இருக்கும் போலும். பாப்பாவுக்குக் கடிதம் வந்தது. வெயில் காட்ட இயலவில்லை.’

பாப்பா என் மகள். அப்போது அவளுக்கு நான்கு வயது முடிந்து ஆறு மாதம். கடிதம் எழுதியவள் அவளுடைய அம்மா. வடக்கே, ரயிலில் ஓர் இரவும் பஸ்ஸில் அரை நாளும் போகவேண்டிய ஒரு காசநோய் சானடோரியத்தில் இருந்தாள். கடிதத்துக்கு வெயில் காட்டுவது என்றால் என்ன, அது முடியாமல் போனபோது நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். டைரியில் எல்லாம் இருக்கிறது. ஆனால் தப்பு என்று எந்த இடத்திலும் நான் குறிக்கவில்லை.

என் மனைவிக்கு 1956 ஐப்பசியில் இருமல் தொடங்கியது. மார்கழியில் பாளையங்கோட்டைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். தை கடைசியில் சானடோரியத்தில் இடம் கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பெட்டியில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

“திரும்பி வாறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்ங்காங்க. அதுக்குள்ள இவ என்னைய மறந்துருவா.”

“அதெப்படி மறப்பா?”

“நாலு வயசுல நடந்தது உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு? சொல்லுங்க பாப்போம்.”

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“பாத்தீங்களா. தேதி தேதியா எழுதி வைக்கிற உங்களுக்கே இல்ல.” பெட்டியை மூடினாள். “நான் திரும்பி வரும்போது இவ என்னைய யாரோ எவரோன்னு பாக்கப்படாது. எனக்கு அது ஒண்ணுதான் பயம். நோயி கூட அவ்வளவு பெருசாத் தெரியல. வாரம் ஒரு காயிதம் போடுவேன். உங்களுக்கு இல்ல, அவளுக்கு. அவ பேரு போட்டு வரும். அவ கையிலதான் குடுக்கணும்.”

“அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே.”

“வாசிக்கிறதுக்கு யாரு எழுதப் போறா? வந்ததும் நீங்களே பாருங்க.”

மாசி முதல் வாரத்தில் முதல் கடிதம் வந்தது. எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர் வயதானவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். உறையின் மேல் இருந்த பெயரைப் படித்துவிட்டு வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டார். என் பெயரை அல்ல, மகளின் பெயரை. அவள் ஓடிப்போய் நின்றாள்.

“நீதானாட்டி அது? ஆளு இம்புட்டுத்தான் இருக்கே. கையெழுத்துப் போடத் தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினாள்.

“அப்ப காயிதத்த நானே வச்சிக்கிடுதேன்.”

அவள் முகம் கோணியது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே குனிந்து இரண்டு கைகளிலும் வைத்துக் கொடுத்தார். “இந்தா தாயி. முப்பது வருசமா காயிதம் குடுக்கேன். முழங்கால் உயரத்துக்குக் குனிஞ்சு குடுக்கது இன்னைக்குத்தான்.”

உள்ளே ஒரு முழுத் தாள். எழுத்து அடியில் ஒரே ஒரு வரி. மேலே பக்கம் நிறையப் பென்சில் படம்: ஒரு ஆலமரம், விழுதுகள், மரத்தடியில் பலாப்பழம் விற்கிற பொம்பளை, கூடைகள். அடியில் இருந்த வரி: ‘ரிப்பன் குரங்கு எங்கே ஒளிந்திருக்கிறது? கண்டுபிடி.’

ரிப்பன் குரங்கு எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த குரங்குதான். 1956 ஆடியில் ஒரு திங்கட்கிழமை குற்றாலத்துக்குப் போயிருந்தோம். அருவியில் குளித்துவிட்டுக் கடைத்தெருப் பக்கம் வரும்போது ஒரு குட்டிக் குரங்கு என் மகளின் பின்னலில் இருந்த சிவப்பு ரிப்பனை உருவிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அவள் அழுத அழுகையில் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். “அழாதட்டி. அதோட அம்மா அதுக்குத் தலை சீவி, பின்னி, கட்டி விடணும்லா? அதுக்குத்தான் கொண்டுட்டுப் போகுது” என்றாள் என் மனைவி. அழுகை அப்படியே நின்றது. பஸ் ஏறும்வரை அவள் அந்த மரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கூடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ரிப்பன் நுனியை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். நான் பார்க்கவில்லை. பென்சிலைப் பிடுங்கி அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டம் என்று சொல்ல முடியாது, உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று. பிறகு என்னை உட்காரவைத்துப் பதில் சொன்னாள். “கூடைக்குள்ள இருக்கு. நான் புடிச்சிட்டேன். இன்னொண்ணு ஒளிச்சு வை.” அவள் சொன்னபடியே எழுதினேன். தபால் பெட்டியின் வாய்க்கு அவளைத் தூக்கிப் பிடித்தேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தாள்.

இனி வெயிலுக்கு வருகிறேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள என் அக்கா வந்திருந்தாள். அத்தான் இதே நோயில் போனவர். அப்போது அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. அதனால் அவளுடைய பயத்தை நான் ஒரு நாளும் பரிகாசம் செய்ததில்லை. என் மனைவி சானடோரியத்துக்குப் போனபின், கிருமி சாக அவள் படுக்கையை நல்ல வெயிலில் நாலு மணி நேரம் போடச் சொல்லி கம்பவுண்டர் சொல்லியிருந்தார். கடிதத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. படுக்கைக்குச் சொன்னதை அக்கா கடிதத்துக்கும் சேர்த்துக்கொண்டாள். நானும் சரி என்றேன். நூலகத்தில் இருந்து எத்தனையோ புத்தகங்கள் எடுத்து வாசிக்கிறவன், இந்த ஒரு விஷயத்தை யாரிடமும் கேட்கவில்லை, எதிலும் தேடவில்லை.

எனவே இரண்டாவது கடிதத்திலிருந்து ஒரு முறை ஏற்பட்டது. அண்ணாச்சி கொடுத்ததும் மகள் அதை ஒரு நுனியில் பிடித்தபடி மொட்டை மாடிக்குக் கொண்டுபோவாள். நான் பிரித்து, தாளை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைப்பேன். முதலில் படம் கீழே இருக்க இரண்டு மணி நேரம், பிறகு படம் மேலே இருக்க இரண்டு மணி நேரம். அவள் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து காக்காய் வராமல் காவல் இருப்பாள். தூரத்தில் இருந்தே குரங்கைத் தேடிக்கொண்டிருப்பாள். நாலு மணி நேரம் ஆனதும் அக்கா கீழிருந்து குரல் கொடுப்பாள்: “ஏட்டி, காஞ்சிருச்சா?” “காஞ்சிருச்சு அத்த!” என்று அவள் ஓடிப்போய் எடுப்பாள். தாள் சூடாக இருக்கும். கன்னத்தில் வைத்துக்கொள்வாள். அம்மா சூடாக இருக்கிறாள் என்பாள்.

மாசியிலிருந்து வைகாசி முடிய, முதல் கடிதத்தையும் சேர்த்து, பதினேழு கடிதங்கள்.

ஆனியில் சாரல் பிடித்தது. அந்த வருஷம் மேற்கே மலை தெரியவே இல்லை. மேகம் கோபுரம் வரை இறங்கி வந்து நின்றது. ஊரெல்லாம் சீசன் சீசன் என்று சந்தோஷமாக இருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்கிக் குற்றாலம் பஸ்ஸுக்கு ஓடினார்கள். எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் அந்த வியாழக்கிழமைக் கடிதம் உறை பிரிக்காமல் கிடந்தது. வெயில் ஐந்து நிமிஷம் அடிக்கும். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். அவள் மேலே போய்ச் சேருமுன் தூறும்.

பதினோரு நாள் இப்படி. அதற்குள் அடுத்த கடிதமும் வந்துவிட்டது.

“அத்த, இன்னைக்கு வெயிலு வருமா?”

“சாரலுக்குள்ள வெயிலுக்கு எங்கன போக?”

“கொஞ்சமா காஞ்சாப் போதும் அத்த. ஓரமா புடிச்சுக்கிடுதேன்.”

“கேக்காத. வெயிலு படாம அந்தக் காயிதம் பிள்ள கையில வரப்படாது.” அக்கா என்னிடம் திரும்பினாள். “ஏ தம்பி, நீயும் பாத்துக்கிட்டே இருக்க. அத உடைச்சு வாசிச்சுச் சொல்லிட்டு அடுப்புல போடு. பிள்ள ஏங்கிப் போவா. விசயம் தெரிஞ்சாப் போதும்லா?”

விஷயம் தெரிந்தால் போதும் என்பது எனக்கு நியாயமாகப் பட்டது. அதற்கு என் வேலையும் ஒரு காரணம். நான் பத்திரப் பதிவு ஆபீஸில் நகல் குமாஸ்தா. யாராவது வீடோ நிலமோ எழுதிக்கொடுத்தால், அந்தப் பத்திரத்தை எழுத்துக்கு எழுத்து பெரிய நோட்டில் பார்த்து எழுதுவதுதான் என் தொழில். ஒருவர் வாசிக்க ஒருவர் ஒத்துப் பார்ப்பார். பத்திரத்தில் கைநாட்டு இருந்தால் அதை வரைய மாட்டோம். ‘இடது பெருவிரல் ரேகை’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவோம். மனையின் படம் இருந்தால் அளவுகளை வார்த்தையில் எழுதுவோம். அப்படி எழுதின நகலுக்குக் கோர்ட்டில் மதிப்பு உண்டு. பதினைந்து வருஷமாக அதைச் செய்துவந்தவனுக்கு, எதையும் வார்த்தையில் எழுதிவிட்டால் அது பத்திரமாகிவிட்டது என்று தோன்றுவது இயல்புதானே.

அன்று மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு இரண்டு உறைகளையும் பிரித்தேன். ஒரு நீள நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எண் போட்டு, வந்த கிழமை போட்டு, நகல் எடுத்தேன். அது அப்படியே இருக்கிறது: ‘(படம்: அருவி. பாறை மூன்று. எண்ணெய் தேய்க்கும் ஆள் ஒருவர். குரங்கு இடதுபுறப் பாறையின் பின்.) ரிப்பன் குரங்கு எங்கே ஒளிந்திருக்கிறது? கண்டுபிடி.’ இரண்டு முறை ஒத்துப் பார்த்தேன். பிறகு அசலை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

பதிவு ஆபீஸில் அசலை உரியவரிடம் திருப்பிக் கொடுப்போம். நகல்தான் எங்களிடம் இருக்கும். பதினைந்து வருஷத்தில் ஒரு அசலைக்கூட நான் தவறவிட்டதில்லை. வீட்டில் எப்படி அது தலைகீழாயிற்று என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மகளைக் கூப்பிட்டு நோட்டிலிருந்து வாசித்துக் காட்டினேன்.

“குரங்கு எங்கப்பா?”

“பாறைக்குப் பின்னால இருக்கு.”

“எந்தப் பாறை?”

“இடது பக்கத்துப் பாறை. இங்கன எழுதியிருக்கு, பாரு.”

அவள் குனிந்து, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நோட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

“இது எழுத்துல்லா” என்றாள்.

“எழுத்துத்தான். அம்மா எழுதினது.”

“அம்மா காயிதம் எங்க?”

“வெயிலு இல்லைல்லா. அதனால அப்பா இதுல எழுதி வச்சிருக்கேன்.”

பென்சிலை எடுத்து வந்திருந்தாள். அதை எதற்கு என்று தெரியாமல் கையில் வைத்திருந்தாள். பிறகு அத்தையிடம் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அண்ணாச்சி வாசலில் கூப்பிட்டதும் ஓடினாள். வாங்கிய உறையை அக்கா பிடுங்க வேண்டியதாயிற்று, அழுகை, ரகளை. அன்று மத்தியானம் தபால்காரரை ஆபீஸ் வாசலில் பார்த்து, இனிமேல் பிள்ளை பேருக்கு வருவதை ஆபீஸிலேயே என்னிடம் கொடுத்துவிடச் சொன்னேன்.

அவர் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். “சார், மேல பிள்ள பேருதான இருக்கு?”

“நான்தானே அண்ணாச்சி தகப்பன்?”

“அது சரி. சட்டத்துல இடம் இருக்கும். ஆனா வாரத்துக்கு ஒருக்க அவ கையில குடுத்துட்டு வந்தா எனக்கு அன்னைக்கு முழுக்க வெயிலு தெரியாது. அதச் சொன்னேன்.” அந்த வாரத்திலிருந்து கடிதங்கள் ஆபீஸுக்கு வந்தன.

இதற்குமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஆபீஸில் ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் அந்த உறையைப் பிரிப்பேன். குரங்கைத் தேடுவேன். வாரத்தில் அந்த அரை மணி நேரத்தைப் போல வேறொரு நேரம் எனக்கு இருந்ததில்லை. கிடைத்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். நகல் எடுப்பேன், அசலை வீட்டில் அடுப்பில் போட எடுத்து வைப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் பதிலைத் தபாலில் போட்டுவிடுவேன்: ‘பாப்பா கண்டுபிடித்துவிட்டாள். மாட்டுவண்டிக்கு அடியில்.’ ‘பாப்பா கண்டுபிடித்துவிட்டாள். கோபுரத்தின் மூன்றாவது மாடத்தில்.’ மகள் சொன்னது போல இருக்கட்டும் என்று ‘இன்னொண்ணு ஒளிச்சு வை’ என்றும் கடைசியில் சேர்ப்பேன்.

என் மனைவி எனக்குத் தனியாக எழுதும் கடிதத்தில் ஒரு தடவை எழுதியிருந்தாள்: ‘இவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். இப்போதெல்லாம் மறுதபாலிலேயே விடை வருகிறது. பக்கத்துக் கட்டில்காரிகளை எல்லாம் கூட்டி யோசனை கேட்டு ஒளித்து வைக்கிறேன்.’ அதன் பிறகு படங்கள் கடினமாயின. தை மாதம் வந்த ஒன்றில் அருவிக்கரையில் ஐந்து குடங்கள் வரிசையாக இருந்தன. முக்கால் மணி நேரம் தேடி நான்காவது குடத்துக்குப் பின்னால் வால் நுனியைக் கண்டுபிடித்தபோது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

வெயில் இல்லாமலா போயிற்று? புரட்டாசியில் நல்ல வெயில் அடித்தது. ‘கடும் வெயில்’ என்று டைரியில் இருக்கிறது. மாசியிலும் அடித்தது. நான் பழைய முறைக்குத் திரும்பவில்லை. நகல் முறை சௌகரியமாக இருந்தது, மகளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். முதலில் இரண்டொரு மாதம் நோட்டை வாசித்துக் காட்டினேன். அவள் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள். ஆவணிக்குமேல் அதையும் விட்டுவிட்டேன். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அடுப்படியில் அவள் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“அம்மா எனக்குக் காயிதம் போடுதது இல்ல அத்த. அப்பாவுக்குத்தான் போடுதா.”

“ஒனக்கும் போடுவாட்டி.”

“இல்ல. தபால் தாத்தா என்னையக் கூப்புடுததே இல்ல.”

இதையும் அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன், தேதி போட்டு, அவள் சொன்ன வார்த்தையிலேயே. அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

1958 சித்திரையில் என் மனைவி திரும்பி வந்தாள். உடம்பு தேறி, முகம் கொஞ்சம் பருத்து, தலைமுடி குறைந்திருந்தது. ரயில் நிலையத்துக்கு அக்காவையும் மகளையும் அழைத்துப் போயிருந்தேன். மகள் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். மனைவியும் மகள் கிட்டே போகவில்லை. அவளைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று கையைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்ததும் என்னிடம் ஒரு தாளும் பென்சிலும் கேட்டாள். முகத்தில் ஒரு தைரியம் இருந்தது. ஒரு வருஷமாகத் தயாராக வைத்திருந்த ஆளின் தைரியம்.

சீக்கிரமாக வரைந்தாள். எங்கள் வீடு, படிக்கட்டு, மாடி, காயப்போட்ட துணிகள். தரையில் வைத்து மகள் பக்கமாகத் தள்ளினாள்.

மகள் அதை எடுத்தாள். பார்த்தாள். நேரே என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

“அப்பா, இதுல என்ன இருக்குன்னு வாசிங்க.”

என் மனைவி சிரித்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டாள். “அவங்ககிட்ட ஏன் குடுக்க? நீதான கண்டுபிடிப்ப? ரிப்பன் குரங்கு எங்க இருக்கு, சொல்லு.”

“எந்தக் குரங்கு?” என்றாள் மகள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் எழுந்து பெட்டியைத் திறந்து, நூல் போட்டுக் கட்டியிருந்த ஒரு கட்டை எடுத்துவந்தாள். எல்லாம் என் கையெழுத்து. மேலே இருந்ததைப் பிரித்து மெதுவாக வாசித்தாள். “பாப்பா கண்டுபிடித்துவிட்டாள்.” அடுத்ததை எடுத்தாள். “பாப்பா கண்டுபிடித்துவிட்டாள்.” மூன்றாவதை எடுக்கவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். நோட்டையும் எடுத்துக் காட்டினேன். அக்கா நடுவில் வந்து, “நான்தான் எரிக்கச் சொன்னேன். அவனை ஒண்ணும் சொல்லாத. எம் மாப்பிள்ளையப் பறிகுடுத்த பயத்துல சொல்லிட்டேன்” என்றாள்.

“நீங்க பயந்ததுல தப்பு இல்ல மதினி” என்றாள் மனைவி. “எரிச்சதும் தப்பு இல்ல. எனக்கே அங்கன இருக்கும்போது, காயிதம் போடலாமா கூடாதான்னு ஒரு யோசனை இருந்துச்சு. அப்புறம்தான் டாக்டரம்மாட்டக் கேட்டேன். தாளுல ஒண்ணும் வராதுன்னு அவங்க சொன்ன பிறகுதான் எழுதுனேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“அவ கண்டுபிடிச்சான்னு ஏன் எழுதுனீங்க? பாக்கலன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் வேற ஏதாவது செஞ்சிருப்பேன்லா?”

அவள் மனம் கஷ்டப்படக்கூடாது என்பதற்காக எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அது பாதிதான் உண்மை. மறு வாரமும் ஒரு படம் வரவேண்டும் என்பதற்காகவும் எழுதினேன்.

அந்தக் கேள்வியை அவள் மறுபடி ஒருமுறையும் கேட்கவில்லை. மகள் நாலைந்து மாதம் அவளை ‘அவங்க’ என்றுதான் சொன்னாள். அத்தையோடு படுத்தாள். அந்த ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஒரு பக்கம் அத்தையின் கையும் மறுபக்கம் என் கையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். மனைவி குடையோடு பின்னால் வந்தாள். பிறகு எல்லாம் சரியாயிற்று என்றுதான் சொல்லவேண்டும். அம்மா என்று கூப்பிட்டாள், மடியில் படுத்தாள், சண்டை போட்டாள். ஆனால் காலில் முள் குத்தினால் முதலில் கூப்பிடுவது அத்தையை. பரீட்சை மார்க்கை முதலில் காட்டுவதும் அத்தையிடம். என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே அடுப்படி வேலையைச் செய்வாள். அக்காவுக்கே சங்கடமாக இருக்கும். “ஒங்கம்மாட்டப் போய்க் காட்டுட்டி மொதல்ல” என்று விரட்டுவாள். விரட்டினால் போவாள்.

என் மனைவி படம் வரைவது மட்டும் நின்றுவிட்டது. மார்கழி மாதம் வாசலில் போடும் கோலம்தான் அவள் கையிலிருந்து பிறகு வந்த படம்.

1969 ஆனியில் மகள் பாளையங்கோட்டையில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். போகும்போது, சிறுவயதில் வெயிலில் காய்ந்த கடிதங்களில் மிச்சமிருந்த பதினொன்றைத் தன் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவற்றில் அந்த உருளைக்கிழங்கு வட்டங்கள் இருக்கின்றன. “இதெல்லாம் நான் போட்டதாப்பா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல” என்றாள். மற்றவை எங்கே என்று அவள் கேட்கவில்லை. மற்றவை உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

அவள் போன மறு வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே சாரல். அந்த நீள நோட்டை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனேன். நாற்பத்தொரு கடிதத்துக்கும் படத்தில் என்னென்ன இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்து நீ திரும்ப வரைந்தால் ஹாஸ்டலுக்கு வாரம் ஒன்றாக அனுப்பலாமே என்றேன். பன்னிரண்டு வருஷம் யோசித்துக் கண்டுபிடித்த வழி அது.

அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை மடியில் வைத்துப் புரட்டினாள். அதற்கு முன் அதை அவள் வாசித்ததே இல்லை. ஒவ்வொரு அடைப்புக்குறியையும் உதட்டை அசைத்து வாசித்தாள். பாதிக்கு மேல் வந்ததும் ஓரிடத்தில் நின்று சிரித்துவிட்டாள்.

“அஞ்சு குடம். குரங்கு நாலாவது குடத்துக்குப் பின்ன. அப்படியா எழுதியிருக்கீங்க?”

“ஆமா. வால் தெரிஞ்சுதே.”

“அது வாலு இல்ல, குடத்துக் கயிறு. ஏமாத்துறதுக்காகப் போட்டது. குரங்கு ரெண்டாவது குடத்துலல்லா இருந்துச்சு. ரிப்பன் நுனி மட்டும் தெரியும்.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. “அப்ப நான் எழுதின விடை தப்புன்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். “நாலாவது குடம்னு பாத்ததும் பக்கத்துக் கட்டில்காரிகளயெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனேன். எம்பிள்ளை ஏமாந்துட்டா பாருங்கன்னு. அதுவரைக்கும் எல்லாத்தையும் சரியாச் சொல்லிச் சொல்லி, நான் இல்லாமலே வளந்து பெரியவளாயிட்டாளோன்னு ஒரு மாதிரி இருந்துச்சு. அந்த ஒரு காயிதத்தப் பாத்த பிறகுதான், இல்ல, இன்னும் சின்னப் பிள்ளதான்னு தோணுச்சு. அன்னைக்கு முழுக்கச் சிரிச்சேன். தப்புன்னு திருப்பி எழுத மனசு வரல. அவ தோத்துப் போனான்னு ஏன் எழுதணும்?”

சொல்லி முடிக்கும்போதே அவள் தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டாள். சிரிப்பு முகத்தில் இருந்து மெல்லப் போயிற்று.

“அதுவும் நீங்கதானா” என்றாள்.

நோட்டை மூடி என் பக்கம் நீட்டினாள். “வரையலாம். ஆனா யாருக்கு? காலேஜ் போற பிள்ளைக்குக் குரங்கு எதுக்கு? அவளுக்கு நாலு வயசா இருக்கும்போது வரைஞ்சது அது.” எழுந்து போய்க் கொடியில் இருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருக்கவில்லை.

பத்திர ஆபீஸில் நகலில் பிழை கண்டால் அழிக்கக்கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, திருத்தியவர் கையெழுத்தும் தேதியும் இடவேண்டும். அன்று சாயங்காலம் ‘நான்காவது’ என்பதை அடித்து, ‘இரண்டாவது’ என்று மேலே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போடப் பேனாவை வைத்தேன். கடிதம் வந்த நாளா, எரித்த நாளா, இன்றைய நாளா, எதைப் போடுவது என்று தெரியவில்லை. என்னிடம் உள்ள நோட்டுகளில் தேதி இல்லாமல் இருக்கும் கையெழுத்து அது ஒன்றுதான்.